சட்டி நின்றது, சாம்பார் நிற்கவில்லை

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மா அவர்களே, ஆயிரம் அலுவல்களுக்கு நடுவே வந்து மேடையைச் சிறப்பித்திருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நியூட்டனின் மூன்று விதிகளையும் பேச வந்திருக்கிறேன். 1687-இல் அவர் வெளியிட்ட நூலில் உள்ள முதல் விதி இது: வெளிவிசை தாக்காதவரை நிற்பது நிற்கும், ஓடுவது அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் குணம்தான் நிலைமம்.

டவுன் பஸ்ஸில் ஒரு பாட்டி. மகள் வீட்டுக்குப் போகிறார். மடியில் தூக்குச்சட்டி, அதில் முருங்கைக்காய் சாம்பார். முன் சீட்டில் பெண் பார்க்கப் போகும் தம்பி. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். குறுக்கே ஒரு கன்றுக்குட்டி பாய, டிரைவர் பிரேக்கை மிதித்தார். தம்பி முதுகெல்லாம் சாம்பார். காலரில் ஒரு முருங்கைக்காய். "பிடிச்சுக்கிட்டு உட்காரக் கூடாதா பாட்டி?" என்று கத்துகிறான். பாட்டி சொன்னார்: "சட்டியைத்தான் பிடிச்சிருந்தேன் தம்பி, சாம்பாரை யாரு பிடிக்கிறது?"

கைதட்டுகிறீர்கள். அந்தப் பாட்டி சொன்னதுதான் முதல் விதி. கார் சட்டி, நாம் சாம்பார். பிரேக் காரைத்தான் பிடிக்கிறது. நம்மைப் பிடிக்க சீட் பெல்ட் வேண்டும். அதுவும் பின் சீட்டில்! முன்னால் இருப்பவர் போட்டுக்கொள்கிறார், பின்னால் யாரும் தொடுவதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்று எல்லா மேடையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

"குழந்தை என் மடியில் பத்திரமா இருக்கு" என்கிறார்கள் தாய்மார்கள். இரண்டாம் விதி கணக்குச் சொல்லும்: விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம். முடுக்கம் என்றால் நொடிக்கு வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது. மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர். மோதிய கார் 0.1 நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 1,000 நியூட்டன் விசை வேண்டும். ஏறக்குறைய 100 கிலோ மூட்டையைத் தூக்கும் பலம். எந்தத் தாயின் கைக்கு அது உண்டு? குழந்தைக்கென்று தனி இருக்கை விற்கிறார்கள், வாங்குங்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் வேண்டாம்.

1959-இல் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கிய மூன்று முனை பெல்ட் நம் காரிலும் இருக்கிறது. பாதி கார்களில் அதன் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது, அதுதான் என் வேதனை. போக்குவரத்து அலுவலர் ஐயா, முகூர்த்த நாட்களில் பின் சீட்டையும் சோதிக்க வேண்டும் என்று மேடையிலேயே மனுவாக வைக்கிறேன்.

நேரமாகிவிட்டது, மூன்றாம் விதியை உங்கள் இயற்பியல் ஆசிரியர் நடத்துவார். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கும் ஒவ்வொரு காரிலும் கவரைத் தூக்கி பக்கிளை வெளியே எடுக்கப் போகிறோம். சாவி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள்.