கப்பலுக்குள் விட்டு வைத்த இடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரக் கப்பல் தளத்துக்கு எச்.எம்.எஸ். டான்ட்லெஸ் என்ற டெஸ்ட்ராயர் வகைப் போர்க்கப்பல் வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து பத்தே ஆண்டுகள் ஆன கப்பல். வானில் வருவதைத் தொலைவிலேயே கண்டுபிடிக்கும் சாம்சன் ரேடார், வருவதை அடித்து வீழ்த்தும் ஸீ வைப்பர் ஏவுகணை என்று ஆயுதப் பக்கம் குறையே இல்லை. ஆனாலும் தளத்தில் அதன் உடலை வெட்டி வழி செய்தார்கள். உள்ளே இருந்த இரண்டு டீசல் ஜெனரேட்டர்களை வெளியே எடுத்தார்கள். அவற்றைவிடப் பெரிய மூன்றை உள்ளே இறக்கினார்கள்.

ஏன் இந்த வேலை? அந்த வகைக் கப்பல்கள் மொத்தம் ஆறு. வெதுவெதுப்பான கடலுக்குள் போனால் அவற்றின் எரிவாயு டர்பைன்களின் திறன் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குறைந்தது. சில நேரம் டர்பைன் தானாகவே நின்றுவிடும். இந்தக் கப்பலில் உந்துவிசிறியைச் சுழற்றுவதும் மின்சாரம், ரேடாரை இயக்குவதும் மின்சாரம், சமையலறை விளக்கும் அதே மின்சாரம். டர்பைன் நின்றதும் மொத்தப் பாரமும் சிறிய டீசல் ஜெனரேட்டர்கள் தலையில் விழும். அவற்றால் தாங்க முடியாது, அவையும் நிற்கும். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய போர்க்கப்பல் நடுக்கடலில் இருட்டில் மிதக்கும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கடற்படையை நவீனமாக்குவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாம் புதிய ஏவுகணையைப் பற்றித்தான் பேசுகிறோம். பத்திரிகையில் வரும் படமும் அதுதான்: புகையைக் கக்கிக்கொண்டு மேலே கிளம்பும் ஏவுகணை. அந்த ஏவுகணை உட்கார இடம் எங்கிருந்து வந்தது, அதன் எடையை யார் தாங்குகிறார்கள், அதற்கு வழிகாட்டும் ரேடாருக்கு மின்சாரமும் குளிர்நீரும் எங்கிருந்து வருகின்றன, இத்தனையையும் பொருத்தக் கப்பலை நிறுத்தும் துறை எங்கே, வேலை செய்யும் கைகள் எங்கே? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத நவீனமாக்கல் காகிதத்தோடு நின்றுவிடும்.

எடையை எடுத்துக்கொள்வோம். ரேடார் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் பார்க்கும். அதனால் அதைக் கம்பத்தின் உச்சியில்தான் வைக்க வேண்டும். ஆனால் உச்சியில் ஏற்றும் ஒவ்வொரு டன்னும் கப்பலின் எடை மையத்தை மேலே இழுக்கிறது. அலையில் சாய்ந்த கப்பல் நிமிரும் பலம் குறைகிறது. அதை ஈடுகட்ட அடியில் சுமை சேர்த்தால் கப்பல் ஆழமாக அமிழ்கிறது, வேகம் போகிறது, எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. ஒரு பக்கம் கொடுத்தால் இன்னொரு பக்கம் எடுத்தாக வேண்டும்.

இதை முன்கூட்டியே யோசித்துக் கட்டிய கப்பல்கள் உண்டு. 1970-களில் அமெரிக்கா 31 ஸ்ப்ரூயன்ஸ் வகை டெஸ்ட்ராயர்களைக் கட்டத் தொடங்கியபோது எழுந்த கண்டனம் கொஞ்சநஞ்சம் அல்ல. ‘இத்தனை பெரிய கப்பலில் இவ்வளவு குறைவான ஆயுதமா?’ என்று கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அந்தக் காலி இடம் வேண்டுமென்றே விடப்பட்டது என்பது பின்னால்தான் எல்லோருக்கும் விளங்கியது. அவற்றில் 24 கப்பல்களின் முன்புறத்தில் 61 அறைகள் கொண்ட செங்குத்து ஏவுகணைத் தொகுதி பொருத்தப்பட்டது. நீர்மூழ்கிகளை வேட்டையாடக் கட்டிய கப்பல், தரைக்குள் வெகுதூரம் தாக்கும் டோமஹாக் ஏவுகணைகளைச் சுமக்கும் கப்பலாயிற்று. டிக்கண்டரோகா வகைக் குரூசர்களும் இதே உடலமைப்பின் மேல்தான் எழுந்தன.

பிரிட்டனின் டைப் 21 ஃப்ரிகேட்டுகளின் கதை இதற்கு நேர்மாறு. பார்க்க அழகான கப்பல்கள், மாலுமிகளுக்கும் பிடித்தமானவை. ஆனால் உள்ளே இடமும் எடைத் தாங்குதிறனும் இழுத்துப் பிடித்த கணக்கு. வான்வழித் தாக்குதலைத் தடுக்கும் ஸீ உல்ஃப் ஏவுகணையை அவற்றில் வைக்க வழியில்லாமல் போயிற்று. எட்டில் இரண்டு 1982 ஃபாக்லாந்துப் போரில் மூழ்கின. மீதி ஆறும் 1993, 94-இல் பாகிஸ்தானுக்கு விற்கப்பட்டன. கட்டும்போது மிச்சம் பிடித்த இடத்துக்கான விலையைப் பின்னால் கொடுக்க வேண்டியதாயிற்று என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

சரி, நீர்மூழ்கிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மேலே ஓடும் கப்பல் கொஞ்சம் எடை கூடினால் கொஞ்சம் அமிழ்ந்து சமாளித்துக்கொள்ளும். நீர்மூழ்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. அது விலக்கும் தண்ணீரின் எடையும் அதன் சொந்த எடையும் சமமாக இருந்தாக வேண்டும். கூடினால் கீழே போகும், குறைந்தால் மூழ்காது. தொட்டிகளில் தண்ணீரை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம்தான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதனால்தான் கட்டும்போதே அடியில் ஈயக் கட்டிகளை வைத்துவிடுகிறார்கள். பின்னாளில் ஒரு புதிய கருவி உள்ளே வரும்போது அந்த ஈயத்தில் கொஞ்சம் வெளியே போகும். எவ்வளவு ஈயம் மிச்சம் இருக்கிறது என்று கேட்டால், அந்த நீர்மூழ்கியை இன்னும் எவ்வளவு நவீனமாக்க முடியும் என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஸ்பெயின் இதைக் கடினமான வழியில் கற்றது. அவர்களுடைய எஸ்-80 வகையின் முதல் நீர்மூழ்கி ஐசக் பெரால், கட்டிக்கொண்டிருக்கும்போதே எடை கூடிவிட்டது 2013-இல் தெரியவந்தது. மூழ்கினால் மேலே வருவது உறுதியில்லை என்ற நிலை. என்ன செய்வது? உடலை நீட்டினால் விலக்கும் தண்ணீர் கூடும், மிதப்பு கிடைக்கும். பத்து மீட்டர் அளவுக்கு நீட்டி, சுமார் 81 மீட்டர் ஆக்கினார்கள். 2023 நவம்பரில்தான் அது கடற்படையிடம் போய்ச் சேர்ந்தது.

உடலை வெட்டி நீட்டுவது தவறைத் திருத்த மட்டும் அல்ல, புதிய திறனைச் சேர்க்கவும் உதவும். 1980-களின் இறுதியில் ஸ்வீடன் தனது நேக்கன் நீர்மூழ்கியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஸ்டர்லிங் எஞ்சின் அடங்கிய புதிய உருளைத் துண்டை நடுவில் வைத்துப் பற்றவைத்தது. மேலே வந்து காற்று வாங்காமல் அடியிலேயே வாரக்கணக்கில் இருக்க வழி செய்யும் எஞ்சின் அது. கேட்கும்போது சுலபமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பற்றவைப்பு, பல நூறு அடி ஆழத்து நீரின் அழுத்தத்தைச் சுற்றிலும் தாங்க வேண்டும். வெட்டிய இரு பாதிகளும் ஒரே நேர்கோட்டில் சேர வேண்டும். செருகும் துண்டு தன் எடையைத் தானே மிதக்க வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவின் கல்வரி வகை நீர்மூழ்கிகளுக்கும் இதே முறையில், வெளிக்காற்று இல்லாமலே மின்சாரம் தரும் உள்நாட்டு எரிகலத் தொகுதியைச் சேர்க்க 2024 டிசம்பரில் ஒப்பந்தம் போடப்பட்டது.

அதே கல்வரி வகையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. முதல் படகு கல்வரி 2017 டிசம்பரில் படையில் சேர்ந்தது. அதற்கென வாங்க இருந்த புதிய கனரக டார்பிடோ கொள்முதல் அதற்கு முன்பே ரத்தாகிவிட்டது. புத்தம் புதிய நீர்மூழ்கி பழைய டார்பிடோவோடு ரோந்து போனது. உடல் ஒரு கோப்பில், ஆயுதம் இன்னொரு கோப்பில் என்று பிரிந்து கிடந்தால் இப்படித்தான் ஆகும். மாலுமி இரண்டையும் சேர்த்துத்தான் கடலுக்குள் கொண்டுபோகிறார்.

சில நேரம் நவீனமாக்குவது என்றால் கழற்றி எறிவது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் டைப் 21 நீர்மூழ்கிகள் இரண்டு அமெரிக்கர் கையில் கிடைத்தன. நீருக்கு அடியில் அவற்றின் வேகத்தைப் பார்த்ததும் அமெரிக்கக் கடற்படைக்குத் தூக்கம் போனது. தங்களிடம் இருந்த பழைய படகுகளை எடுத்து, மேல்தளத்துப் பீரங்கிகளைக் கழற்றினார்கள். தண்ணீரைத் தடுக்கும் கைப்பிடிகளையும் விளிம்புகளையும் அகற்றினார்கள். கோபுரத்தை வழவழப்பாக மூடினார்கள். மிஞ்சிய இடத்தில் பாட்டரிகளை நிரப்பினார்கள். ‘கப்பி’ என்று அழைக்கப்பட்ட அந்தத் திட்டத்தால், அடியில் 9 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) அளவில் போன படகு சுமார் 16 நாட் வேகத்தைத் தொட்டது. அவற்றில் ஒன்றான யு.எஸ்.எஸ். கட்லாஸ் 1973-இல் தைவானுக்குப் போய் ஹாய் ஷி என்ற பெயரில் அரை நூற்றாண்டு தாண்டியும் பயிற்சிக்கு உழைத்தது.

கணினிப் பக்கம் வேலை கொஞ்சம் இலகு. 1990-களின் இறுதியில் அமெரிக்கா தன் நீர்மூழ்கிகளின், நீருக்குள் ஒலியைக் கேட்கும் சோனார் காதுகளை அப்படியே வைத்துவிட்டு, பின்னால் இருந்த கணிப்பொறிகளை மட்டும் சந்தையில் கிடைக்கும் சாதாரணச் செயலிகளால் மாற்றியது. அப்புறம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய மென்பொருள். அதே காது, கூர்மையான மூளை. பணம் குறைவாக உள்ள எந்தக் கடற்படையும் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் ஒரு கருவி இன்னொன்றின் குரலை அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபாக்லாந்துப் போரில் 1982 மே 4 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்.எம்.எஸ். ஷெஃபீல்டை எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியது. 20 பேர் இறந்தார்கள். அந்த நேரத்தில் கப்பல் செயற்கைக்கோள் வழியே பேசிக்கொண்டிருந்தது. எதிரி ரேடாரைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கருவியின் காதை அந்த அலைபரப்பு அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டும் தனித்தனியே நல்ல கருவிகள்.

இனி காலமும் துறையும். எந்தப் பழைய கப்பலையும் திறக்கும் வரை அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ரஷ்யாவின் பழைய விமானந்தாங்கிக் கப்பல் அட்மிரல் கோர்ஷ்கோவை இந்தியாவின் விக்ரமாதித்யாவாக மாற்ற 2004-இல் பேசிய தொகை 97.4 கோடி டாலர். திறந்து பார்த்தபோது மாற்ற வேண்டிய மின்கம்பிகள் மட்டுமே கணக்கைத் தாண்டிப் போயின. முடிவில் 230 கோடி டாலருக்கு மேல் ஆயிற்று. 2008-இல் வர வேண்டியது 2013 நவம்பரில் வந்தது. சிந்துகீர்த்தி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்தில் மறுசீரமைப்புக்கு 2006-இல் நுழைந்து 2015-இல் வெளியே வந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் எத்தனை இளம் மாலுமிகளுக்குக் கடல் அனுபவம் கிடைக்காமல் போயிருக்கும்!

காலம் கடந்து தொடங்குவது அதைவிட மோசம். அமெரிக்கா ஏழு குரூசர்களை நவீனமாக்கத் தொடங்கி, அவற்றில் நான்கை வேலை முடிந்து கடலுக்கு அனுப்பும் முன்பே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. அந்த நான்கில் மட்டும் 184 கோடி டாலர் வீண் என்று அந்த நாட்டுத் தணிக்கை அமைப்பே 2024-இல் எழுதியது. கப்பலின் நடுவயதில், உடல் திடமாக இருக்கும்போது செய்ய வேண்டிய வேலையை முதுமையில் செய்தால் பணம் துருவுக்குத்தான் போகும். அதே நாட்டின் அணுசக்தி நீர்மூழ்கி யு.எஸ்.எஸ். பாய்ஸிக்கு வந்தது வேறு சோதனை. பெரிய பழுதுபார்ப்புக்குத் துறை கிடைக்காமல் காத்திருந்தது. 2017-இல் அதன் மூழ்கும் சான்று, அதாவது பாதுகாப்பாக மூழ்கலாம் என்ற சான்றிதழ், காலாவதியானது. பழுதுபார்ப்பின் முக்கிய ஒப்பந்தம் 2024-இல்தான் கையெழுத்தானது. கப்பல் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், ஆயுதம் இருந்தது, துறை இல்லை.

‘ஒரு சான்றிதழுக்காக அத்தனை பெரிய நீர்மூழ்கியைக் கட்டிப்போடுவார்களா?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கான விடை 1963-இல் இருக்கிறது.

யு.எஸ்.எஸ். த்ரெஷர் அன்றைக்கு உலகின் மிக நவீனமான நீர்மூழ்கிகளில் ஒன்று. சேவையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அமெரிக்காவின் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் மாதக்கணக்கில் வேலை முடித்து, ஏப்ரல் 10 அன்று ஆழ மூழ்கும் சோதனைக்குப் போனது. உள்ளே 129 பேர். அவர்களில் 17 பேர் சீருடை அணியாதவர்கள். பலர் அதே தளத்தில் அந்தப் படகில் வேலை பார்த்தவர்கள். தாங்கள் பொருத்தியது சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கூடவே இறங்கியவர்கள். படகு திரும்பவில்லை.

கடல்நீர்க் குழாய் ஒன்றின் இணைப்பு எஞ்சின் அறையில் பிய்த்துக்கொண்டு போயிருக்கலாம் என்று விசாரணை மன்றம் கருதியது. அந்தப் படகில் வெள்ளிக் கலவையை உருக்கிப் பற்றவைத்த குழாய் இணைப்புகள் ஏறத்தாழ மூவாயிரம். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல இணைப்பும் மோசமான இணைப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெள்ளி உள்ளே ஓடி நிரம்பியதா என்பது கண்ணுக்குத் தெரியாது. மீயொலி கொண்டு சோதித்தால்தான் தெரியும். தளத்தில் அப்படிச் சோதித்தவை 145. அவற்றில் சுமார் 14 சதவீதம் தரத்துக்குக் கீழே இருந்தன. அப்புறம் மற்ற இணைப்புகள் சோதிக்கப்படாமலே படகு கடலுக்குப் போயிற்று.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே ‘சப்ஸேஃப்’ என்ற நடைமுறை பிறந்தது. கடல்நீர் தொடும் ஒவ்வொரு குழாய்க்கும், வால்வுக்கும், பற்றவைப்புக்கும் பதிவு வேண்டும்: உலோகம் எங்கிருந்து வந்தது, யார் பற்றவைத்தார், யார் சோதித்தார், யார் கையெழுத்திட்டார். 1915 முதல் 1963 வரை அமெரிக்கா போர் அல்லாத காரணங்களால் 16 நீர்மூழ்கிகளை இழந்திருந்தது. அதன்பின் கடலில் இழந்தது ஒன்றுதான், 1968-இல் ஸ்கார்ப்பியன். அதற்கும் இந்தச் சான்று முழுமையாகக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

அதனால் பாய்ஸியை மூழ்க விடாமல் துறைமுகத்தில் நிறுத்தியவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் செய்தது சரி. என் வருத்தமெல்லாம், நீர்மூழ்கிகளுக்குப் பணம் ஒதுக்கும்போதே அவற்றைப் பழுதுபார்க்கும் துறைகளுக்கும், அந்த இணைப்புகளைப் பற்றவைக்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்து ஒதுக்காதவர்கள் மேல்தான்.