பாம்புக்கடிக்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை

(காவிரிப் படுகைச் சிற்றூர் ஒன்றில், உழவர் கூட்டத்தில் அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, உழவர் பெருமக்களே, தாய்மார்களே, வணக்கம்.

மருத்துவ அவசரநிலைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். மாரடைப்பு, பக்கவாதம், சாலை விபத்து, பிரசவ உதிரப்போக்கு என்று ஒவ்வொன்றையும் இரண்டு வார்த்தையில் தொட்டுவிட்டு மேடையை விட்டு இறங்குவது எளிது. ஆனால் அப்படிப் பேசினால் வீடு போய்ச் சேரும்போது உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. ஆகவே, குறுவை அறுப்பும் சம்பா நடவும் நெருங்கி வரும் இந்தப் பருவத்துக்குப் பொருத்தமான பாம்புக்கடி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் உயிரிழந்திருப்பார்கள் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். அவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் 15 வயது நிரம்பாத பிள்ளைகள். மருந்தே கண்டுபிடிக்கப்படாத நோயாக இருந்தால் இந்த எண்ணிக்கையைக் கண்டு பெருமூச்சு விட்டுவிட்டு இருந்துவிடலாம். ஆனால் இந்த நஞ்சுக்கு முறிமருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனையில் அது இலவசமாகவே கிடைக்கிறது. மருந்து இருக்கும் இடத்துக்கும் கடிபட்டவருக்கும் நடுவே கழிகிற நேரம்தான் பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோகிறது. அந்த நேரத்தைக் குறைக்கும் வேலையைக் கடிபட்ட பிறகு தொடங்க முடியாது. அதற்கு முன்பே முடித்து வைத்திருக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1978இல் தொடங்கப்பட்ட சங்கம் அது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் இருளர் மக்கள் வரப்பிலும் புதரிலும் தடம் பார்த்துப் பிடித்து வருகிறார்கள். அவற்றைப் பானைகளில் வைத்துச் சில வாரங்கள் பராமரித்து, வாயோரம் மூடி கட்டிய கண்ணாடிக் குவளையைக் கடிக்கச் செய்து நஞ்சை எடுத்துக்கொண்டு, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். அந்த நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் கிடைப்பதுதான் நாம் ஏற்றும் விஷமுறிவு மருந்து. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நாடெங்கும் மருந்து தயாரிக்கப் பயன்படும் நஞ்சில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்தே போகிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரே இனப் பாம்பின் நஞ்சு ஊருக்கு ஊர் மாறுபடும். நம் பக்கத்து நஞ்சைக் கொண்டு செய்த மருந்து வட இந்தியாவில் அதே அளவுக்கு வேலை செய்வதில்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த வகையில் நாம் கொஞ்சம் பாக்கியசாலிகள்.

நான்கு பாம்புகளிலும் என்னை அதிகம் அச்சுறுத்துவது கட்டுவிரியன். நல்லபாம்பு படமெடுக்கும், சீறும். கடித்தால் கடுகடுக்கும், வீங்கும். கண்ணாடி விரியன் குக்கர் போலச் சீறும். கடித்த கால் கண் முன்னாலேயே பெருக்கும். இவை கடித்தால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கட்டுவிரியன் அப்படியல்ல. எலியையோ பிற பாம்புகளையோ தேடி இரவில் வீட்டுக்குள் நுழையும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். அதன் பல் சிறியது. வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. கொசு கடித்தது என்று சொறிந்துகொண்டு திரும்பிப் படுப்பவர்களும் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்குப் பிள்ளை எழுந்து வயிறு வலிக்கிறது என்று அழும். இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அம்மா ஓமத்தண்ணீர் கொடுப்பார். ஐந்து மணிக்குப் பிள்ளையின் இமை பாதி மூடியிருக்கும். தூக்கக் கலக்கம் என்று தோன்றும். பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாது. பொழுது புலர்ந்து பேருந்து வரும்போது மூச்சு நின்றுபோயிருக்கும்.

தாய்மார்களே, இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் படுத்து உறங்கியவர் நள்ளிரவுக்கு மேல் காரணம் தெரியாத வயிற்றுவலியோடு எழுந்தால், அதோடு இமையும் இறங்கினால், கடித்த தடம் தேடி விளக்கடித்துக்கொண்டிருக்காதீர்கள். தடம் தெரியாமலே போகலாம். உடனே புறப்படுங்கள். கட்டுவிரியன் நஞ்சால் உடல் முழுவதும் செயலிழந்து, கண் பாவை அசையாமல், இறந்துவிட்டவர் போலவே கிடக்கும் நோயாளிக்கு உள்ளே நினைவு இருக்கக்கூடும். சுற்றி நின்று அழுபவர்களின் பேச்சுகூட அவர் காதில் விழலாம். அவருக்கு வேண்டியது மூச்சு. ஆம்பு பேக் என்ற மூச்சுப் பையைக் கையால் அமுக்கியோ வென்டிலேட்டர் வைத்தோ மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால், சில நாட்களில் விரல் அசையும், இமை திறக்கும். இந்த நஞ்சு நரம்பு முனைகளைச் சிதைத்துவிட்ட பிறகு முறிமருந்தால் அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. நரம்பு தானாகத் தேறி வரும்வரை மூச்சைக் காப்பாற்றித் தர வேண்டும்.

இனி மருத்துவமனைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். அங்கே நாங்கள் சும்மா காக்க வைப்பதாக உறவினர்கள் கோபப்படுவது எனக்குத் தெரியும். கடித்தது எந்தப் பாம்பு என்பதைவிட, நஞ்சு உடலில் ஏறியிருக்கிறதா என்பதே எங்களுக்கு முதல் கேள்வி. விரியன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்யும். அதைக் கண்டறியப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். இரத்தக் குழாயிலிருந்து இரண்டு மில்லி இரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிச் சோதனைக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் ஆடாமல் அசையாமல் வைத்திருந்து, பிறகு மெல்லச் சாய்த்துப் பார்ப்போம். இரத்தம் கட்டிக்கொண்டு அப்படியே நின்றால் இப்போதைக்கு நலம். தண்ணீர் போல ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. சோப்புத் தூள் போட்டுக் கழுவியதாகவும் இருக்கக் கூடாது. இரண்டுமே முடிவைத் தவறாகக் காட்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செவிலியர் மேசையருகே நிற்பதைத்தான் சிலர் வேலை செய்யாமல் நிற்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். முதல் முறை உறைந்துவிட்டாலும் மறுபடி மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்; அறிகுறியே இல்லாதவரையும் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பதற்கு அதுதான் காரணம். 'நல்லாத்தானே இருக்கான், கூட்டிட்டுப் போறோம்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

நஞ்சு ஏறிய அறிகுறி தெரிந்தால் பொதுவாகப் பத்துக் குப்பி மருந்தைச் சலைனில் கலந்து ஏற்றத் தொடங்குவோம். குழந்தைக்கும் அதே அளவுதான். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா என்று பதறுகிறார்கள். ஆள் சிறியவர் என்பதற்காகப் பாம்பு நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை. நாம் முறிக்க வேண்டியது அந்த நஞ்சை. குதிரையிலிருந்து வந்த மருந்து ஆகையால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு, இரத்த அழுத்தக் குறைவு ஆகியவை வரலாம். அதற்கு அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருக்கும்.

என் துறையினரைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஒவ்வாமைக்குப் பயந்து, முதல் தவணை மருந்தைக்கூடப் போடாமல் பெரிய மருத்துவமனைக்குச் சீட்டெழுதி அனுப்பிவிடும் பழக்கம் சில இடங்களில் இன்றும் இருக்கிறது. கையில் மருந்தும் அட்ரினலினும் இருக்கும் மருத்துவர் அப்படிச் செய்யக் கூடாது. மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டு அனுப்பலாம். மூச்சுத் திணறலோ சிறுநீரகப் பாதிப்போ தெரிந்தால் அனுப்பித்தான் ஆக வேண்டும். வெறும் சீட்டோடு அனுப்புவது, நோயாளியை இன்னும் ஒரு மணி நேரம் நஞ்சோடு சாலையில் விடுவதாகும். 'முதல் டோஸ் போட்டு அனுப்புங்கள், ஐயா' என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மரியாதையாகக் கேளுங்கள்; ஆனால் கேளுங்கள்.

கடித்த இடத்தில் என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் செய்யக் கூடியது குறைவு. கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். கால் முறிந்தவருக்குச் செய்வது போலக் குச்சியோ மட்டையோ வைத்து, துணியால் தளர்வாகச் சுற்றி, அந்த உறுப்பை அசையாமல் வையுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். வாந்தி எடுத்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கடித்த நேரத்தையும், வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்பதையும் பேனாவால் தோலிலேயே குறித்துவிட்டால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும். கீறுவது, உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது, சுண்ணாம்பு பூசுவது எதுவும் வேண்டாம். இறுக்கிக் கயிறு கட்டுவது எல்லாவற்றிலும் மோசமானது. நஞ்சு ஓரிடத்திலேயே தேங்கிச் சதையை அழுகச் செய்யும். இரத்த ஓட்டம் நின்று காலே போகும். ஏற்கெனவே யாராவது கட்டிவிட்டிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்த்துவிடாதீர்கள். தேங்கிய நஞ்சு ஒரேயடியாக மேலே பாயும். அதை மருத்துவமனையில் இரத்தக் குழாயில் ஊசி போட்டு வைத்த பிறகு நாங்கள் அவிழ்ப்போம். பாம்பை அடித்து எடுத்துவரவும் வேண்டாம்; அடிக்கப் போனவர் இரண்டாவது நோயாளியாக வருவதுண்டு. எட்ட நின்று கைப்பேசியில் படம் எடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மந்திரிப்பவரைப் பற்றிக் கேட்பீர்கள். அவரிடம் போய்ப் பிழைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. சாரை, தண்ணீர்ப்பாம்பு, ஓலைப்பாம்பு போன்ற நஞ்சற்ற பாம்புகள் கடிப்பது ஏராளம். நஞ்சுள்ள பாம்பும் பல சமயம் நஞ்சைச் செலுத்தாமல் வெறுமனே கடித்துவிட்டு விடுவதுண்டு. இவர்கள் எல்லோரும் வேப்பிலை அடித்தாலும் பிழைப்பார்கள், அடிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். மந்திரிப்பவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஊரார் முதலில் ஓடுவது அவரிடம்தான் என்றால், அவரையே நம் பக்கம் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். 'முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, திருநீறு பிறகு பூசுகிறேன்' என்று அவர் வாயால் சொன்னால், என் உரை பத்தைவிட அது அதிக உயிர்களைக் காக்கும்.

ஏற்பாடுகளுக்கு வருகிறேன். முதலில் உங்கள் வீடு: பாயைவிடக் கட்டில் நல்லது, கட்டில் இல்லாவிட்டால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுங்கள். நெல் மூட்டை இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே மூட்டை அடுக்கிய அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். இரவில் தண்ணீர் மடை பார்க்கப் போகிறவர் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் வரப்பில் கால் வைக்கக் கூடாது.

அடுத்தது ஊர். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. கூப்பிடுகிறவர் தெருப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. வண்டி எந்தப் பாலத்தில் திரும்ப வேண்டும், எந்தக் கோயில் எதிரில் ஆள் நிற்பார் என்று சொல்லி, அங்கே ஓர் ஆளை நிறுத்தவும் வேண்டும். மழைக்காலத்தில் தரைப்பாலம் மூழ்கினால் மாற்று வழி எது என்பதை இப்போதே பேசி வையுங்கள். வண்டி வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் எதிர்கொண்டு போவதற்கு ஊரில் யாருடைய கார் அல்லது ஆட்டோ, இரவு எந்நேரமும் கதவைத் தட்டலாம் என்று இருக்கிறது? அந்த இரண்டு மூன்று பேரின் எண்களை நூலகச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் பெயின்டால் எழுதுங்கள். கைப்பேசிக் குழுவில் போட்டால் ஒரே நாளில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். வேறு வழியின்றி இருசக்கர வண்டியில்தான் போக வேண்டும் என்றால், கடிபட்டவரை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். புறப்படும்போதே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால் மருந்தும் ஆளும் தயாராக இருப்பார்கள்.

2024 மார்ச்சில் மத்திய அரசு பாம்புக்கடிக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2030க்குள் இறப்பைப் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. இனி ஒவ்வொரு கடியும், ஒவ்வொரு இறப்பும் அரசுக் கணக்கில் ஏற வேண்டும்; எங்கே எவ்வளவு மருந்து தேவை என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஆகவே வரும் அக்டோபர் 2 கிராமசபையில் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றைய தேதியில் எத்தனைக் குப்பி விஷமுறிவு மருந்து இருக்கிறது, அதன் காலாவதித் தேதி என்ன? இரவுப் பணியில் அதை ஏற்றத் தெரிந்தவர் இருக்கிறாரா? வென்டிலேட்டரும் டயாலிசிஸும் உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தை மாத அறுவடைக்குள் மறுபடி ஒருமுறை கேளுங்கள். குப்பிகளுக்குக் காலாவதி உண்டு, பணியாளர்களுக்கு இடமாற்றமும் உண்டு.