ரெண்டு பேரும் 'எர்த்து'ன்னுதான் சொல்றாங்க, ஆனா ஒண்ணில்ல: சைட்டுல பேசுற எலக்ட்ரிகல், வெல்டிங் வார்த்தைங்க

வணக்கங்க. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டு மாடியில நிக்கிறோம். ரூஃப் கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டிட்டு இருக்காங்க, எலக்ட்ரீஷியன் பைப் ஓட்டிட்டு இருக்காரு. கீழ கேக்குது பாருங்க ஒரு சத்தம், அது வெல்டரோட கட்டிங் மெஷின். ஜன்னல் கிரில்லுக்குக் கம்பி வெட்டுறாரு. இந்த ரெண்டு பேரும் ஒரே சைட்டுல ஒரே வார்த்தையைச் சொல்லுவாங்க, அர்த்தம் வேற வேற. வீடு கட்டுறவங்க நடுவுல நின்னு ரெண்டுக்கும் தலையாட்டிட்டு இருப்பாங்க. இன்னிக்கு அந்த வார்த்தைங்களைத்தான் பிரிச்சுப் பாக்கப் போறோம்.

மொதல்ல 'எர்த்து'. எலக்ட்ரீஷியன் எர்த்துன்னா பச்சை வயர். பிளக்கோட மேல் பெரிய ஓட்டையில ஆரம்பிச்சு, டி.பி. பாக்ஸ், அதாவது வீட்டு மெயின் ஸ்விட்ச் பெட்டி வழியா வெளிய தோண்டியிருக்கிற குழிக்குப் போறது. எல்லாம் ஒழுங்கா இருக்கிற வரைக்கும் அதுல கரண்டே போகாது. எங்கயாவது கசிஞ்சாத்தான் அதுக்கு வேலை.

வெல்டர் 'எர்த்தை மாட்டுப்பா'ன்னு சொல்றது அதுக்கு நேரெதிர். மெஷின்ல இருந்து ரெண்டு தடி கேபிள் வருது. ஒண்ணு ஹோல்டருக்கு, இன்னொண்ணு கிளாம்ப்புக்கு. ராடு எரியுற நேரம் முழுக்க நூறு ஆம்பியர் ஹோல்டர் வழியா வந்து, இரும்புல பாஞ்சு, அந்தக் கிளாம்ப் வழியாத்தான் மெஷினுக்குத் திரும்பிப் போகும். பேருதான் எர்த்து, மண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. திரும்புற வழின்னு மனசுல வெச்சுக்கங்க, குழப்பம் வராது.

இதைக் குழப்பிக்கிட்டா என்ன ஆகும்? கிரில்லை ஜன்னல்ல நிறுத்தியாச்சு. கேபிள் நீளம் பத்தலைன்னு கிளாம்ப்பைக் கொண்டுபோய் போர் மோட்டார் இரும்புப் பைப்புல மாட்டிடறாங்க. கேட்டா, 'எர்த்துதானேங்க, எங்க மாட்டினா என்ன'ன்னு பதில் வரும். கிரில்லோட ஒரு முனை பக்கத்துல இருக்கிற ஸ்விட்ச் மெட்டல் பாக்ஸ்ல உரசிக்கிட்டு இருக்குன்னு வைங்க. அந்தப் பாக்ஸ்லயும் பச்சை வயர் இருக்கு, மோட்டார் பாடியிலயும் பச்சை வயர் இருக்கு. இப்ப கிரில்லையும் கிளாம்ப்பையும் சேக்கிற ஒரே வழி சுவத்துக்குள்ள போற அந்தப் பச்சை வயர்தான். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர்ல நூறு ஆம்பியர் பாயும். உள்ள தோல் உருகி, அதே பைப்புல கூட ஓடுற சிவப்பு, கருப்பு வயரையும் சேத்து ஒட்டிப் பிடிச்சுக்கும். எம்.சி.பி., அதாவது கரண்டு அதிகமானா தானா அணையுற ஸ்விட்ச், விழாது. ஏன்னா இந்தக் கரண்டு எம்.சி.பி. வழியா வரவே இல்ல. வெல்டிங் மெஷினுக்குள்ள இருந்து கிளம்பி அங்கயே திரும்புது. வெளிய ஒண்ணும் தெரியாது. குடி வந்தப்புறம் 'எந்த லைனைப் போட்டாலும் டிரிப் ஆகுது'ன்னு எலக்ட்ரீஷியனைத் திட்டுவாங்க.

அதனால பத்த வைக்கிற, அதாவது வெல்டிங் அடிக்கிற அதே இரும்புலதான் கிளாம்ப், ஒரு அடி ரெண்டு அடிக்குள்ள. மாட்டுற இடத்துல துருவையும் பெயிண்டையும் அரத்தால சுரண்டிட்டு மாட்டணும். கிளாம்ப் வாய்ல பொறி பறந்தா அங்க பிடிப்பு சரியில்லன்னு அர்த்தம். வயரிங் முடிஞ்ச வீடுன்னா, கிரில் எந்த மெட்டல் பாக்ஸ்லயும் ஒட்டலைன்னு பாத்துக்கங்க.

'ஹோல்டர்'னா எலக்ட்ரீஷியனுக்குப் பல்பு மாட்டுறது, வெல்டருக்கு ராடு கவ்வுறது. ராடு பத்தாம சும்மா இருக்கும்போது அந்த ஹோல்டர்ல அறுவதுல இருந்து எம்பது வோல்ட் நிக்கும். வேர்வையில ஊறின சட்டையோட, ஈர செங்கல் மேல உக்காந்துக்கிட்டு வெறுங்கையால ராடு மாத்துறது வேணாம்.

மெஷினுக்குக் கரண்டு எங்க இருந்து எடுக்கிறாங்கன்னும் பாருங்க. சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்தானேன்னு சாதா பவர் பிளக்ல சொருகுவாங்க. கணக்குப் போடுங்க. 120 ஆம்பியர்ல வெல்டிங் ஓடும்போது ராடு முனையில 25 வோல்ட் இருக்கும். ரெண்டையும் பெருக்கினா 3 கிலோவாட். மெஷினோட நஷ்டத்தையும், பவர் ஃபேக்டர் குறைவா இருக்கிறதால கூட இழுக்கிற கரண்டையும் சேத்தா 230 வோல்ட் லைன்ல 20 ஆம்பியருக்கு மேல இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் கருகாம என்ன செய்யும்? மெஷினுக்குத் தனி எம்.சி.பி., நாலு சதுர மில்லிமீட்டர் வயர், தொழிற்சாலை மாதிரி சாக்கெட்டு. நடுவுல நீட்டுற வயர்ல டேப் சுத்தின ஜாயிண்ட் கூடாது.

இப்ப எலக்ட்ரீஷியன் எர்த்துக்கு வருவோம். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கமெல்லாம் பல இடத்துல நாலடி தோண்டினா பாறை. எர்த் பைப் குறைஞ்சது ரெண்டரை மீட்டர் இறங்கணும். பாறை தட்டினதும் பைப்பை வெட்டிட்டு, 'இறங்கிடுச்சுங்க'ன்னு மூடிடறாங்க. ஆழமாப் போக முடியலைன்னா நீளமாப் போகணும். அரை மீட்டர் ஆழத்துல காவா வெட்டி, 25க்கு 4 மில்லிமீட்டர் ஜி.ஐ. பட்டையை, அதாவது துத்தநாகம் பூசின இரும்புப் பட்டையைப் படுக்கப் போடலாம். குறைஞ்சது 15 மீட்டர் நீளம். சுத்தி நல்ல மண்ணு, முடிஞ்சா பெண்டோனைட், ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற ஒரு களிமண்ணு. உப்பும் கரியும் கொட்டுற பழக்கம் இருக்கே, உப்பு தண்ணியில கரைஞ்சு போயிடும், போற வரைக்கும் ஜி.ஐ.யைத் தின்னும்.

பாறை ஊர்ல இன்னொரு விஷயம். குழியோட எதிர்ப்பு 10 ஓம்னு வைங்க. கீசர் பாடிக்குக் கரண்டு வந்துடுச்சு. 230ஐ 10ஆல வகுத்தா 23 ஆம்பியர். கீசருக்குப் போட்டிருக்கிறது 20 ஆம்பியர் எம்.சி.பி. அது 29 ஆம்பியர் வந்தாத்தான் ஒரு மணி நேரத்துக்குள்ள கண்டிப்பா விழணும்னு விதி. 23க்கு விழாமலே இருக்கலாம். பாடி பூரா கரண்டு, குளிக்கிறவங்களுக்குத் தெரியாது. இங்கதான் ஆர்.சி.சி.பி. வேணும், 30 மில்லி ஆம்பியர். சிவப்புல போனதும் கருப்புல திரும்பினதும் ஒண்ணா இல்லைன்னா அது விழுந்துடும், குழி சுமாரா இருந்தாலும் விழும். 'எம்.சி.பி. இருக்கே, அது எதுக்கு'ன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில். அதுல இருக்கிற டெஸ்ட் பட்டன் ஆர்.சி.சி.பி.யை மட்டும்தான் சோதிக்கும், குழியை இல்ல. குழிக்கு எர்த் டெஸ்டர் வெச்சு அளந்து காட்டச் சொல்லுங்க.

அடுத்தது 'கேஜ்', 'நம்பர்'. இங்கதான் காசு போற இடம். சதுர மில்லிமீட்டர்னா எண்ணு கூடக்கூட வயர் தடி. கேஜுன்னா எண்ணு கூடக்கூட மெலிசு. கடையில இன்னும் 'ஏழு இருபது', 'மூணு இருபத்திரண்டு'ன்னு பழைய கணக்குல கேக்குறவங்க இருக்காங்க. ஏழு இருபதுன்னா இருபதாம் கேஜ் இழை ஏழு, நாலரை சதுர மில்லிமீட்டர் சொச்சம், ஏ.சி.க்கு ஆகும். ஏழு இருபத்திரண்டு 2.8 கிட்ட வரும், பவர் பிளக்குக்கு. மூணு இருபத்திரண்டு 1.2, லைட்டு, ஃபேனுக்கு. ஏழு இருபதைச் சொல்லி ஏழு இருபத்திரண்டை வாங்கிட்டு வந்தா செம்பு நூத்துக்கு நாப்பது பங்கு குறைஞ்சு போச்சு. காயிலு மேல சதுர மில்லிமீட்டர் அச்சடிச்சிருக்கும், அதைப் படிங்க. 90 மீட்டர் காயில்னு போட்டிருக்கும், அதையும்.

வெல்டிங் ராடும் அதே மாதிரிதான். 'பத்தாம் நம்பர்'னா 3.15 மில்லிமீட்டர், 'பன்னெண்டாம் நம்பர்' 2.5, 'எட்டாம் நம்பர்' 4. வீட்டு கிரில், கேட்டுக்கு 6013ன்னு வகை எண் போட்ட ராடு போதும். 3.15க்கு நூத்துல இருந்து நூத்தி முப்பது ஆம்பியர், 2.5க்கு அறுவதுல இருந்து தொண்ணூறு. பதினாறாம் கேஜ் டியூப்பு, அதாவது 1.6 மில்லிமீட்டர் தகடு. அதுல பத்தாம் நம்பரை வெச்சு நூத்தி இருவதுல அடிச்சா ஓட்டை விழும். ஓட்டையை அடைக்க மேல மேல குண்டு வைப்பாங்க. உள்ள பிடிச்சிருக்காது. பிடிச்சிருக்குன்னு எப்படித் தெரியும்? கேமராவைக் கிட்ட கொண்டு போறேன், இந்த ஜாயிண்டைப் பாருங்க. மீன் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா வரி சீரா வந்திருக்கு, ரெண்டு ஓரமும் இரும்போட கலந்து படுத்திருக்கு. இது நல்லது. இந்தப் பக்கம் பாருங்க, புழு நெளிஞ்ச மாதிரி மேல உக்காந்திருக்கு, ஓரத்துல நகம் மாட்டுது. ஆம்பியர் பத்தல. இதோ இங்க ஓரத்துல காவா மாதிரி அரிச்சிருக்கு, இதுக்குப் பேரு அண்டர்கட். ஆம்பியர் அதிகம், இல்ல கையை வேகமா இழுத்திருக்காரு. ஊசி குத்தின மாதிரி ஓட்டைங்க இருந்தா ராடு நமத்துப் போச்சு, இல்ல இரும்பு மேல எண்ணெய், பெயிண்ட். ராடு பாக்கெட்டைப் பிரிச்சு சிமெண்டு மூட்டை பக்கத்துல தரையில போட்டு வைக்கிறதோட பலன்.

மேல கருப்பா ஓடு மாதிரி இருக்கே, அதுதான் ஸ்லாக். சுத்தியால தட்டி, ஒயர் பிரஷ் போட்டுட்டுத்தான் ரெட் ஆக்சைடு அடிக்கணும். ஸ்லாக் மேலயே பெயிண்ட் அடிச்சா பாக்க அழகாத்தான் இருக்கும். ஒரு மழைக்கு ஓடு கழண்டு, பெயிண்டையும் கூட்டிக்கிட்டுப் போயிடும், அடியில துரு.

ஜி.ஐ. பைப்பை அப்படியே பத்த வைக்காதீங்க. ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் துத்தநாகப் பூச்சை கிரைண்டர்ல எடுத்துடணும். வெள்ளைப் புகை வரும் பாருங்க, அதை இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் வரும்.

கிரில்லுக்குக் கிலோ கணக்கா, சதுர அடிக் கணக்கான்னு மொதல்லயே பேசிடுங்க. கிலோன்னா எடை நீங்களே போட்டுப் பாக்கலாம். அகலத்தை மில்லிமீட்டர்ல, தடிமனை மில்லிமீட்டர்ல பெருக்கி, 0.00785ஆல பெருக்குங்க, ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி 1.13 கிலோ. 10 மில்லிமீட்டர் 0.785. 25க்கு 5 பட்டை 0.98. சதுர அடிக் கணக்குல 12 பேசிட்டு 10 போட்டா நூத்துக்கு முப்பது பங்கு இரும்பு காணாமப் போச்சு. வெர்னியர் வெச்சு அளக்க ஒரு நிமிஷம் ஆகுமா?

ஓசூர் பக்கம் வேலை நடந்தா இன்னொரு கூத்து. வடக்கத்தி ஆளுங்க கம்பியைச் 'சரியா'ம்பாங்க. 'சரியா, சரியா'ன்னு கூப்பிட்டா மேஸ்திரி 'சரிப்பா'ன்னு போயிடுவாரு. வயரைத் 'தார்'ம்பாங்க, நம்மாளு ரோட்டுத் தாரைத் தேடுவாரு. பட்டையைப் 'பட்டி'ம்பாங்க, நமக்குப் பட்டின்னா சுவத்துக்கு அடிக்கிறது. ஒரு காகிதத்துல எழுதி அளவு போட்டுக் குடுத்துடுங்க, வம்பு இல்ல.

ஒண்ணு மறந்துட்டேன். வேலை சுலபமா இருக்கேன்னு, கான்கிரீட்டுக்குள்ள போடுற டி.எம்.டி. கம்பியை வெல்டிங் வெச்சுச் சேக்கக் கேட்டா விடாதீங்க. அந்தக் கம்பியோட பலம் வெளி வளையத்துல இருக்கு, சூட்டுல அது இளகிடும். ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி, இன்ஜினியர் சொன்ன நீளத்துக்கு லேப் விட்டுக் கட்டுகம்பிதான்.

இப்ப நம்ம காலடியில இருக்கிற பைப்புக்கு வாங்க. கீழ்க் கம்பி வலை கட்டினதுக்கப்புறம், அது மேலதான் பைப்பு. பாருங்க இங்க ஒண்ணு, கான்கிரீட்டைத் தாங்க அடியில போட்டிருக்கிற சென்ட்ரிங் தகட்டுலயே படுத்துக்கிட்டு இருக்கு. இதுக்கு அடியில கான்கிரீட் போகாது, பின்னால சீலிங்கில நேர்கோடா விரிசல் வரும். தூக்கிக் கம்பி மேல வெச்சு, ரெண்டு மூணு அடிக்கு ஒரு கட்டு. பைப்பு 25 மில்லிமீட்டர், ஐ.எஸ்.ஐ. முத்திரையோட ஹெவி வாங்குங்க. லைட்டுப் பைப்பு, வைப்ரேட்டர் ஊசி ஒரு தடவை பட்டா நசுங்கிடும். ஜாயிண்டுல சொல்யூஷன் தடவாம சும்மா சொருகியிருந்தா சிமெண்டுப் பால் உள்ள இறங்கி உறைஞ்சிடும். அப்புறம் வயர் இழுக்க ஸ்பிரிங் போகாது, சுவத்துல காடி வெட்டித்தான் போகணும். ஃபேன் பாக்ஸுக்குள்ள காகிதத்தைத் திணிச்சு, வாயை டேப் போட்டு மூடுங்க. கொக்கிக்கு 12 மில்லிமீட்டர் கம்பி, ரெண்டு பக்கமும் ஒரு அடி நீட்டி வலையோட கட்டணும்.

கான்கிரீட் போடுறதுக்கு முன்னால டேப்பை விரிச்சு வெச்சு, சுவத்து ஓரத்துல இருந்து எத்தனை அடின்னு தெரியுற மாதிரி ஒவ்வொரு ரூமையும் ஃபோட்டோ எடுத்துக்கங்க. ஆறு மாசம் கழிச்சு இதே வெல்டர் மாடி ரெய்லிங்குக்கு பேஸ் பிளேட் வைக்க வருவாரு. ஒரு பிளேட்டுக்கு நாலு ஆங்கர் போல்ட், ஒவ்வொண்ணுக்கும் மூணு இஞ்ச் ஓட்டை. அஞ்சு இஞ்ச் தளத்துல மூணு இஞ்ச் டிரில் இறங்கினா பைப்பு இருக்கிற மட்டத்துக்கு வந்துடும். அந்த நேரத்துல ஃபோனை எடுத்து, 'இந்த ஓரத்துல ஒன்னரை அடி தள்ளி பைப் போகுது, பிளேட்டை நகத்துங்க'ன்னு காட்ட இந்த ஃபோட்டோதான் இருக்கும்.

மிக்சர் வண்டி வந்துடுச்சு போல. டேப்பு எங்கப்பா?