ஆஷ்விட்ஸ்: இடிந்ததை இடிந்தபடியே காப்பது எப்படி? | டார்க் டூரிசம்

[காட்சி: கிராக்கோ நகரத் தெரு, டூர் கடைகளின் பலகைகள்]

போலந்தின் கிராக்கோ நகரத்தில் டூர் கடைகளில் ஒரு பேக்கேஜ் சாதாரணமாகக் கிடைக்கும். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாம், வியலிச்கா உப்புச் சுரங்கம், இரண்டும் ஒரே நாளில். ஒன்று வேடிக்கை பார்க்கும் இடம். மற்றது சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட இடம். இந்த மாதிரிப் பயணத்துக்கு 'டார்க் டூரிசம்' என்று 1996-ல் பெயர் வைத்தவர்கள் ஜான் லெனன், மால்கம் ஃபோலி என்ற இரண்டு ஆய்வாளர்கள். (இந்த லெனன் பாடகர் அல்ல.)

ஏன் போகிறார்கள்? உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்கள் அஞ்சலி செலுத்தப் போகின்றன. மாணவர்களைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறது. சினிமா பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சாவு நடந்த இடத்தைப் பத்திரமான தூரத்தில் நின்று பார்க்கும் ஆசையும் உண்டு. அதைக் கேவலம் என்று ஒதுக்குவதில் பயனில்லை. இவர்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் வந்து இறங்குகிறார்கள். வாசலில் யாருடைய மனதையும் சோதிக்க முடியாது, உள்ளே நடந்துகொள்ளும் விதத்தைத்தான் கட்டுப்படுத்த முடியும்.

[காட்சி: நுழைவாயில், ஹெட்போன் மாட்டிய குழு]

2019-ல் வந்தவர்கள் சுமார் 23 லட்சம். நுழைவு இலவசம், ஆனால் பெயர் போட்ட பாஸ் வேண்டும். வழிகாட்டிக்குத் தனிக் கட்டணம். வழிகாட்டி மெதுவாகப் பேசுவது குழுவின் ஹெட்போனில் கேட்கும். இல்லாவிட்டால் பத்துக் குழுக்களின் சத்தம் ஒரே அறையில் மோதும். பெரிய பை கூடாது. கொல்லப்பட்டவர்களின் தலைமுடி வைத்திருக்கும் அறையிலும், முகாமுக்குள் சிறையாக இருந்த 11-ஆம் பிளாக்கின் நிலவறையிலும் படம் எடுக்கக் கூடாது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம் என்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும், ஆஷ்விட்ஸின் இரண்டாம் முகாமான பிர்கனாவில் கைதி ரயில்கள் வந்த தண்டவாளத்தின் மேல் பேலன்ஸ் செய்து போட்டோ எடுக்காதீர்கள் என்று 2019-ல் அருங்காட்சியகமே ட்வீட் போட வேண்டி வந்தது.

[காட்சி: பிர்கனாவ், வரிசையாக நிற்கும் புகைபோக்கிகள்]

இனி கட்டடங்கள். கஷ்டமான வேலை இங்கேதான். 1947 ஜூலை 2-ல் போலந்து நாடாளுமன்றம் சட்டம் போட்டு இதை அருங்காட்சியகம் ஆக்கியது. அதற்குள் பிர்கனாவின் மரக் கொட்டகைகள் பலவற்றைப் பிரித்து, வேறு இடங்களில் கட்டுமானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புகைபோக்கிகள் மட்டும் மிச்சம். செங்கல் கொட்டகைகள் நிற்கின்றன, ஆனால் சாய்கின்றன. இடித்த கிராம வீடுகளின் செங்கல், ஈரமான நிலம், பலமில்லாத அஸ்திவாரம், அவசரக் கட்டுமானம். சில ஆண்டு நின்றால் போதும் என்று கட்டியவை. சுவரை வெளியிலிருந்து மரத்தால் முட்டுக்கொடுத்துத் தாங்கினார்கள். பிறகு இரண்டு கொட்டகைகளைப் பெரிய கூடாரத்தால் முழுவதும் மூடி வேலையைத் தொடங்கினார்கள்.

நாஜிகளின் எஸ்.எஸ். படை 1945 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்த விஷவாயு அறைகள் இடிபாடாகவே கிடக்கின்றன. சாட்சியத்தை அழிக்கப் பார்த்ததற்கு அந்த இடிபாடே சாட்சியம், அதனால் எடுத்துக் கட்டக் கூடாது. ஆனால் மண்ணும் நிலத்தடி நீரும் சுவரை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. எதையும் கூட்டாமல் சரிவை மட்டும் நிறுத்துவது புதிதாகக் கட்டுவதைவிடச் சிரமம்.

ஒரு இடத்தில் இந்த விதியை மீறியிருக்கிறார்கள். முதல் முகாமின் எரியூட்டுக் கூடத்துப் புகைபோக்கி போருக்குப் பின் திரும்பக் கட்டியது. படுகொலை நடக்கவே இல்லை என்று சாதிப்பவர்கள் இன்றுவரை அதைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். நுழைவாயிலில் எல்லோரும் படம் எடுக்கும் இரும்பு எழுத்துப் பலகையும் நகல்தான். அசல் 2009 டிசம்பரில் திருடுபோய் மூன்று துண்டாகக் கிடைத்தது. இப்போது அதை உள்ளே பாதுகாக்கிறார்கள்.

பொருள்களிலும் ஒரே விதி இல்லை. காலணிகளில் பூஞ்சையையும் தூசியையும் நீக்குவார்கள், புதிதுபோல் ஆக்கமாட்டார்கள். ஏறக்குறைய இரண்டு டன் தலைமுடிக்கோ எந்தப் பதப்படுத்தலும் இல்லை. அது மனித உடலின் பகுதி, மக்கினால் மக்கட்டும் என்பது முடிவு.

[காட்சி: போர்ட் பிளேர் செல்லுலார் சிறை]

முடிவெடுக்கத் தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் அந்தமான் இருக்கிறது. செல்லுலார் சிறையின் ஏழு சிறகுகளில் நான்கை இடித்தாகிவிட்டது. முன்னாள் கைதிகள் எதிர்த்த பிறகே மீதி மூன்று தப்பின. 1979-ல்தான் தேசிய நினைவுச் சின்னம் ஆனது. இடித்த இடத்தில் இப்போது அரசு மருத்துவமனை இருக்கிறது.

கடைசியாகக் காசு. ஆஷ்விட்ஸின் 191 ஹெக்டேரில் சுமார் 150 கட்டடங்கள், 300 இடிபாடுகள். நுழைவுக்கட்டணம் இல்லை. 2009-ல் தனி அறக்கட்டளை தொடங்கி 12 கோடி யூரோ நிரந்தர நிதி திரட்டினார்கள். அதில் பாதியை ஜெர்மனி தருவதாக ஏற்றது. மூலதனத்தைத் தொடுவதில்லை, அதிலிருந்து வரும் வருமானத்தில்தான் பராமரிப்பு வேலைகள் நடக்கின்றன.