பூட்டிய ஐபோனும் நீதிமன்ற ஆணையும்: சான் பெர்னார்டினோ வழக்கில் உண்மையில் கேட்கப்பட்டது என்ன?

(திரையில்: கலிபோர்னியா வரைபடம், சான் பெர்னார்டினோ நகரம் குறிக்கப்படுகிறது.)

வணக்கம். 2015 டிசம்பர் 2 அன்று, அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ நகரில் மாவட்டச் சுகாதாரத் துறை ஊழியர்கள் கூடியிருந்த அரங்குக்குள் கணவனும் மனைவியுமாக இருவர் துப்பாக்கிகளுடன் நுழைந்து சுட்டதில் 14 பேர் உயிரிழந்தனர், 22 பேர் காயமடைந்தனர். சில மணி நேரத்துக்குள் அந்த இருவரையும் காவல்துறை சுட்டுக் கொன்றது. தங்கள் சொந்தக் கைபேசிகளை அவர்கள் முன்னதாகவே நொறுக்கிவிட்டிருந்தனர். மிஞ்சியது, கணவனுக்கு அலுவலகம் கொடுத்திருந்த ஓர் ஐபோன் 5சி. அது மாவட்ட நிர்வாகத்தின் சொத்து. சோதனையிட நிர்வாகம் சம்மதித்திருந்தது. நீதிமன்றத்தின் சோதனை ஆணையும் கையில் இருந்தது. சட்டப்படி எந்தத் தடையும் இல்லாத நிலையிலும் எஃப்.பி.ஐ.யால் அதைத் திறக்க முடியவில்லை.

இந்த விவாதத்தைத் "தனியுரிமையா, பாதுகாப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வரி, இந்த வழக்கில் நீதிமன்றத்தின் வழியாகக் கேட்கப்பட்டது என்ன என்பதையே மறைத்துவிடுகிறது. எனவே முதலில் கைபேசியின் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம்.

(திரையில்: கைபேசியின் சிப், அதனுள் ஓர் எண் ஒளிர்கிறது.)

ஐபோனில் உள்ள தகவல்கள் குறியாக்கம் செய்யப்பட்ட வடிவிலேயே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றப்பட்டே, சேமிக்கப்படுகின்றன. அவற்றைப் படிப்பதற்கான சாவி, பயனர் இடும் கடவு எண்ணையும், தயாரிப்பின்போதே சிப்புக்குள் பதிக்கப்படும் 256 பிட் நீளமுள்ள ஓர் இரகசிய எண்ணையும் கலந்து உருவாகிறது. அந்த இரகசிய எண்ணை ஆப்பிள் தன்னிடம் பதிவு செய்து வைத்துக்கொள்வதில்லை; கைபேசியில் ஓடும் மென்பொருளாலும் அதை வெளியே எடுக்க முடியாது. ஆகவே நினைவகத்தைப் பிரதியெடுத்து, பெரிய கணினிகளில் ஏற்றி உடைத்துப் பார்க்கும் வழி அடைபட்டுவிடுகிறது. கடவு எண்ணை ஊகிப்பதானால் அந்தக் கைபேசியிலேயே ஒவ்வொன்றாக இட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முயற்சிக்கும் சுமார் 80 மில்லி விநாடி ஆகும்படி கணக்கீடு அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த வேகத்தில் நான்கு இலக்கக் கடவு எண்ணின் 10,000 சாத்தியங்களையும் 14 நிமிடங்களுக்குள் பார்த்துவிடலாம். ஆறு இலக்கமானால் 22 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சிறிய எழுத்துகளும் எண்களும் கலந்த ஆறு குறிகளானால் ஐந்தரை ஆண்டுகளைத் தாண்டிவிடும். அப்படியானால் நான்கு இலக்கப் பூட்டு ஏன் நிற்கிறது? இரண்டு கூடுதல் காவல்கள் இருப்பதால்தான். தொடர்ந்து தவறாக இட்டால், அடுத்த முயற்சிக்கு ஒரு நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இயங்குதளம் காக்க வைக்கும். பயனர் அந்த வசதியை இயக்கியிருந்தால், 10 தவறான முயற்சிகளுக்குப் பின் சாவி அழிந்துவிடும். அதற்குப் பிறகு தகவல்கள் இருந்தும் பயனில்லை. ஐபோன் 5சி மாதிரியில் இவ்விரு காவல்களும் மென்பொருளில் இருந்தன. மென்பொருளை மாற்றினால் காவல் போய்விடும். வழக்கு பிறந்தது இந்த இடத்தில்தான்.

(திரையில்: 2016 பிப்ரவரி 16.)

அன்று நீதிபதி ஷெரி பிம், ஆப்பிள் நிறுவனம் மூன்று உதவிகளைச் செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார்: அழிக்கும் வசதியை முடக்க வேண்டும், கடவு எண்களைக் கணினி வழியாகச் செலுத்த வழி செய்ய வேண்டும், முயற்சிகளுக்கு இடையிலான காத்திருப்பை நீக்க வேண்டும். ஆணைக்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது தம் அதிகாரத்தைச் செயல்படுத்தத் தேவையான ஆணைகளைப் பிறப்பிக்க நீதிமன்றங்களை அனுமதிக்கும், 1789ஆம் ஆண்டின் ஆல் ரிட்ஸ் சட்டம். 1977இல் நியூயார்க் தொலைபேசி நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், டயல் செய்யப்படும் எண்களைப் பதிவு செய்யும் கருவியைப் பொருத்த உதவுமாறு அதே சட்டத்தின் கீழ் ஆணையிடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தது.

மென்பொருளை எஃப்.பி.ஐ.யே எழுதிக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆப்பிளின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத இயங்குதளத்தை ஐபோன் ஏற்காது. கோடிக்கணக்கான கைபேசிகள் "இது என்னை உருவாக்கியவரிடமிருந்து வந்த மென்பொருள்" என்று நம்புவது அந்தக் கையொப்பத்தை வைத்துத்தான். ஆக, ஆப்பிளிடம் கேட்கப்பட்டது ஏற்கெனவே இருந்த ஒரு சாவி அல்ல. தன் பாதுகாப்பைத் தானே தளர்த்தும் ஒரு மென்பொருளை எழுதி, அது நம்பத்தக்கது என்று தன் கையொப்பத்தால் உறுதியளிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. அதே நாளில், அன்று ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக் வாடிக்கையாளர்களுக்கு வெளியிட்ட கடிதம் இந்தக் கோரிக்கையை மறுத்தது.

அரசுத் தரப்பின் பதிலை நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த மென்பொருள் ஒரே ஒரு கைபேசியின் அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும், அது ஆப்பிளின் வளாகத்தை விட்டே வெளியேற வேண்டியதில்லை என்று அரசு வாதிட்டது. தொழில்நுட்ப அளவில் இது பொருளுள்ள வாதம். அடையாள எண்ணை மாற்றினால் கையொப்பம் செல்லாது. ஆபத்து, அடுத்த ஆணையில் இருந்தது. சுமார் ஒரு டஜன் கருவிகளுக்கு இதே சட்டத்தின் கீழ் கோரிக்கைகள் அப்போதே நிலுவையில் இருந்தன. ஒருமுறை எழுதிய மென்பொருளை அடுத்த எண்ணுக்கு மாற்றிக் கையொப்பமிடுவது அன்றாட அலுவலாகிவிட்டால், அதற்கென ஆட்களும் நடைமுறையும் ஏற்பட்டுவிடும். பிறகு வேறு நாடுகளின் அரசுகளும் அதே மேசைக்கு முன் வந்து நிற்கும். பிப்ரவரி 29 அன்று புரூக்ளினில், ஒரு போதைப்பொருள் வழக்கின் ஐபோன் தொடர்பாக நீதிபதி ஜேம்ஸ் ஓரன்ஸ்டீன், நாடாளுமன்றம் கொடுக்காத அதிகாரத்தை 1789ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவித்துக்கொள்ள முடியாது என்று ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

இங்கே காவல்துறையின் வலியைக் கடந்து போக நான் விரும்பவில்லை. 2015இல் லூசியானா மாநிலத்தில் ஒரு கர்ப்பிணி தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தன் ஐபோனில் நாட்குறிப்பு எழுதி வந்தவர். கொன்றவரைப் பற்றிய குறிப்பு அதில் இருக்கக்கூடும் என்று குடும்பத்தினர் நம்பினர். கைபேசி பூட்டியே கிடந்தது. 2014இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 8 வெளிவரும் வரை, நீதிமன்ற ஆணை வந்தால் ஆப்பிளே பல தகவல்களை எடுத்துக் கொடுத்து வந்தது என்பதால், நேற்று வரை கிடைத்த சான்று இன்று கிடைக்கவில்லை என்று விசாரணை அதிகாரிகள் வருந்துவதில் பொய் இல்லை. இறந்தவரின் பெற்றோரிடம் போய்க் குறியாக்கத்தின் பெருமையைப் பேச யாருக்கும் மனம் வராது.

இருந்தும், எல்லாக் கருவிகளிலும் அரசுக்கென ஒரு வழியை வைத்துவிடலாம் என்ற தீர்வை நான் எதிர்க்கிறேன். அந்த வழி ஏற்கெனவே முயன்று பார்க்கப்பட்டது என்பதுதான் காரணம்.

(திரையில்: 1993, 2004, 2024.)

1993இல் கிளின்டன் அரசு கிளிப்பர் சிப் என்ற திட்டத்தை அறிவித்தது. குரல் அழைப்புகளைக் குறியாக்கம் செய்யும் அந்தச் சிப்பின் சாவி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, இரண்டு அரசு அமைப்புகளிடம் இருக்கும். அடுத்த ஆண்டே, பெல் ஆய்வகத்தின் ஆய்வாளர் மேட் பிளேஸ், அரசின் அணுகலை உறுதி செய்யும் பகுதியைக் காத்தது வெறும் 16 பிட் சரிபார்ப்பு எண் என்றும், அதை ஊகித்துக் கடந்து அரசின் காதுக்கு எட்டாமல் சிப்பைப் பயன்படுத்த முடியும் என்றும் காட்டினார். சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது.

கிரேக்கத்தில் நடந்தது இன்னும் மோசம். 2004 ஆகஸ்டிலிருந்து 2005 மார்ச் வரை, பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உட்படச் சுமார் 100 பேரின் கைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. ஊடுருவியவர்கள் பயன்படுத்தியது, சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்காகத் தொலைபேசி இணைப்பகங்களின் மென்பொருளில் உருவாக்கப்பட்டிருந்த வசதியையே. 2024இல் அமெரிக்காவே அடி வாங்கியது. சீனாவோடு தொடர்புடையவர்கள் என்று அரசு கூறிய ஊடுருவாளர்கள், பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் புகுந்து, நீதிமன்ற ஆணைகளின்படி கேட்கப்பட்ட தகவல்களையும் நகலெடுத்தனர். அதன் பிறகு, குறியாக்கம் செய்யப்பட்ட செய்திப் பரிமாற்றச் சேவைகளைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்க அதிகாரிகளே மக்களுக்கு அறிவுரை கூறினர். நல்லவருக்கு மட்டும் திறக்கும் வழியை யாரும் இதுவரை கட்டிக் காட்டியதில்லை.

(திரையில்: 2016 மார்ச் 21, மார்ச் 28.)

மீண்டும் சான் பெர்னார்டினோவுக்கு வருவோம். மார்ச் 22 அன்று விசாரணை நடக்க வேண்டும். முந்தைய நாள், வேறொரு வழி கிடைத்திருக்கலாம் என்று அரசு தள்ளிவைப்பு கேட்டது. மார்ச் 28 அன்று, வெளியாள் ஒருவரின் உதவியோடு கைபேசி திறக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி வழக்கைத் திரும்பப் பெற்றது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அஸிமுத் என்ற சிறிய நிறுவனமே திறந்தது என்று 2021இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. உள்ளே முக்கியமான தகவல் எதுவும் இல்லை என்றே அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் பின்னர் தெரிவித்தன.

அதற்கு முன்பே நடந்த ஒரு பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். தாக்குதலை அடுத்த நாள்களில், எஃப்.பி.ஐ.யின் கோரிக்கைப்படி மாவட்ட நிர்வாகம் அந்தக் கைபேசியின் ஐகிளவுட் (ஆப்பிளின் இணையவழிச் சேமிப்பகம்) கடவுச்சொல்லை மாற்றிவிட்டது. மாற்றாமல் இருந்திருந்தால், பழக்கப்பட்ட வைஃபை எல்லைக்குள் வைத்துப் புதிய காப்புப் பிரதி ஒன்றை எடுக்க வாய்ப்பிருந்தது. அது தவறுதான் என்று எஃப்.பி.ஐ.யின் அப்போதைய இயக்குநர் ஜேம்ஸ் கோமி அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். 2018இல் அமெரிக்க நீதி அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கை இன்னும் கவலை தருகிறது: எஃப்.பி.ஐ.க்குள் ஒரு பிரிவு தொடர்பு வைத்திருந்த நிறுவனம் அந்தத் திறப்பு வேலையை ஏறத்தாழ முடித்திருந்த நேரத்தில், "எங்களிடம் வேறு வழி இல்லை" என்று மற்றொரு பிரிவு நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. திறக்க முடியாத கைபேசிகள் 7,775 என்று எஃப்.பி.ஐ. சொல்லிவந்த எண்ணும் பிழையான கணக்கு என்பது அதே ஆண்டில் தெரியவந்தது. உண்மை எண் 1,000க்கும் 2,000க்கும் இடைப்பட்டது என்று செய்திகள் கூறின. ஒரு நாட்டின் எல்லாக் கைபேசிகளின் பாதுகாப்பையும் மாற்றச் சொல்லும் அமைப்பு, அதற்கான சான்றை இவ்வளவு அலட்சியமாக எண்ணியிருக்கக் கூடாது.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, குறியாக்கத்தை நீக்க உதவ மறுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறியும் வழி வேண்டும் என்ற பேச்சு சூடுபிடித்தது சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். 2019இல் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் காமகோடி, ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பியவரின் அடையாளத்தை இணைக்கலாம் என்று யோசனை கூறினார். குற்றம் செய்ய நினைப்பவர் அந்த அடையாளத்தைப் போலியாக மாற்ற முடியும் என்று மும்பை ஐ.ஐ.டி.யின் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில், முதலில் அனுப்பியவரைக் கண்டறியும் அந்தக் கோரிக்கை இடம்பெற்றது. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது.

அப்படியென்றால் காவல்துறை என்ன செய்வது? சான் பெர்னார்டினோவில் இறுதியில் நடந்ததே என் விடை: நீதிமன்ற ஆணையோடு, ஒரு குறிப்பிட்ட கைபேசியை, அதிலுள்ள குறையைப் பயன்படுத்தித் திறப்பது. அதற்கு ஆகும் பெரும் செலவே, எல்லோர் கைபேசியிலும் கை வைக்காமல் தடுக்கும் வேலியாகிறது. ஆனால் இந்த வழியும் சட்டமில்லாமல் விடப்பட்டால் நஞ்சாகிவிடும். 2024இல் செர்பியாவில் பத்திரிகையாளர்களின் கைபேசிகளைக் காவல்துறை இத்தகைய கருவியால் திறந்ததை மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி வெளிக்கொண்டுவந்தது. எஃப்.பி.ஐ.யும் 2016 ஏப்ரலில், தான் வாங்கியது திறக்கும் சேவையை மட்டுமே, நுட்ப விவரங்கள் தன்னிடம் இல்லை, ஆகவே அந்தக் குறையை ஆப்பிளுக்குத் தெரிவிக்கலாமா என்று முடிவு செய்யும் அரசுக் குழுவுக்கு அதை அனுப்ப இயலாது என்று கூறிவிட்டது. அந்தக் குறை அதே மாதிரி ஐபோன் வைத்திருந்த எல்லோரின் பையிலும் இருந்தது. விவரங்களையும் சேர்த்தே வாங்க வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குள் தயாரிப்பாளருக்கு அறிவிக்க வேண்டும், எத்தனை கைபேசிகள் எந்த வகைக் குற்றங்களுக்காகத் திறக்கப்பட்டன என்ற கணக்கை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். கையொப்பமிடும் சாவியை விட்டுவிட்டு, நாம் நம் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியவை இவையே.