கங்காணி கொண்டுவந்த மரபணு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பினாங்கிலிருந்து பேசுகிறேன்.

என் தாத்தா மலேசியாவின் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவரைக் கூட்டி வந்த கங்காணி அவருடைய ஊர்க்காரர்தான். அந்தக் காலத்துக் கங்காணிகள் சொந்த ஊருக்குப் போய், மாமன், மச்சான், பங்காளி என்று ஆள் திரட்டிக் கப்பலேற்றுவார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும் வரை இப்படித்தான் நடந்தது. அதனால் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரே லயத்தில் பாதிப் பேர் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பதுண்டு.

அப்படி ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அரிதாக இருக்கும் ஒரு மரபணு மாற்றம் அங்கே பத்தில் மூன்று பேரிடம் இருக்கிறது. தோட்டத்தில் மலேரியாவும் இருந்தது. உடனே, “இந்த மாற்றம் உயிரைக் காத்தது, அதனால் பெருகியது” என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது கங்காணியின் குடும்பத்தில் முன்பே இருந்திருக்கலாம். அவர் தன் உறவுக்காரர்களை அழைத்து வந்தார், அவர்களோடு அதுவும் வந்தது. அவ்வளவுதான் காரணமாக இருக்கலாம்.

மரபணுவியலில் நான் மிகவும் மதிக்கும் ஒழுக்கம் இங்கேதான் இருக்கிறது. இயற்கைத் தேர்வு, அதாவது உயிரைக் காக்கும் மாற்றம் பெருகுவது, என்று சொல்வதற்கு முன்னால், வெறும் வரலாறும் தற்செயலும் மட்டுமே இதைச் செய்திருக்குமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எப்போது பெருகினார்கள், யாரோடு கலந்தார்கள் என்பதைக் கணினியிடம் கொடுத்து, அந்த வரலாற்றை ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கிறோம். தேர்வே இல்லாமல் பத்தில் மூன்று என்ற அளவு அடிக்கடி வந்துவிட்டால், மலேரியாக் கதைக்கு வேலை இல்லை. ஆயிரத்தில் ஒரு முறைதான் வருகிறது என்றால், அப்புறம் தேர்வைப் பற்றிப் பேசலாம்.

இதற்கு அடித்தளம் போட்டவர் ஜப்பானியர் மோட்டோ கிமுரா. மூலக்கூறு அளவில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையும் இல்லாமல் தீமையும் இல்லாமல் தற்செயலாகவே ஏறி இறங்குகின்றன என்று 1968இல் அவர் சொன்னார். 1989இல் ஃபுமியோ தஜிமா, தற்செயல் மட்டும்தானா என்று சோதிக்க ஓர் அளவுகோல் கொடுத்தார். ஒரு சிலரிடம் மட்டும் இருக்கும் அரிய மாற்றங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால், அவருடைய எண் பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

சிக்கலும் அங்கேதான். ஒரு நல்ல மாற்றம் வேகமாகப் பரவினாலும் அந்த எண் கீழே போகும், மக்கள்தொகை மளமளவென்று பெருகினாலும் கீழே போகும். எப்படிப் பிரித்தறிவது? மக்கள்தொகை வரலாறு எல்லாக் குரோமோசோம்களையும் தொடும். தேர்வு தன் இடத்தைச் சுற்றித்தான் தடம் பதிக்கும். எனவே முழு மரபணுத் தொகுதியையும் பின்னணியாக வைத்து, அதிலிருந்து விலகி நிற்கும் இடத்தைத் தேடுகிறோம். அதிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் இருவேறு வரலாறுகள் ஒரே மாதிரித் தடத்தை விட்டுப் போகலாம். நாம் கணினியில் ஓட்டிப் பார்த்த ஒரு வரலாறு தரவோடு பொருந்துகிறது என்பதாலேயே அதுதான் நடந்தது என்று ஆகிவிடாது.

நம் மண்ணிலேயே உறுதியான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மலாய்க்காரர், பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்கள் சிலருக்குச் சிவப்பணுக்கள் முட்டை வடிவில் இருக்கும். ஒரு மரபணுவில் 27 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டதுதான் காரணம். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இது சேர்ந்து வந்தால், குழந்தை பெரும்பாலும் கருவிலேயே இறந்துவிடும். இவ்வளவு பெரிய இழப்பைத் தாங்கித் தலைமுறை தலைமுறையாக இது நிலைத்திருப்பதைத் தற்செயலால் மட்டும் விளக்குவது கடினம். ஒருபுறம் மட்டும் பெற்றவர்களை இது மூளை மலேரியாவிலிருந்து காக்கிறது என்பதைப் பப்புவா நியூ கினியில் நேரடியாகவே கண்டார்கள்.

இதற்கு மாறான ஒன்றும் உண்டு. இதயத் தசையைப் பலவீனப்படுத்தும் 25 எழுத்து விடுபாடு ஒன்று தெற்காசியர்களில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினரிடம் இருப்பதாக 2009இல் அறிவித்தார்கள். பாதிப்பு பெரும்பாலும் பிள்ளை பெற்ற வயதுக்குப் பிறகே தெரிவதால், தேர்வின் கண்ணில் அது அதிகம் படுவதில்லை. பரவலாக இருக்கிறது என்பதற்காக அதில் ஏதோ நன்மை இருக்கும் என்று நினைக்கத் தேவையில்லை.

26 மக்கள் குழுக்களிலிருந்து 2504 பேரை ஆராய்ந்த ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டத்தில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். மலேசியத் தோட்டத் தமிழர்கள் இல்லை. நாளை நம்மைச் சேர்க்கும்போது கணினி முதலில் கேட்கப்போவது நம் வரலாற்றைத்தான். எந்த ஊர், எந்த ஆண்டு, ஒரே கப்பலில் எத்தனை குடும்பம், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று மாலையே கேட்டு எழுதி வையுங்கள். என் தாத்தாவிடம் நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.