பிணையாமல் போன ஐதரசன்

(யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்கள், ஆசிரியர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியர்களே, பெற்றோரே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் மோதல்களுக்கு உந்தக்காப்புக் கணக்குச் செய்திருப்பீர்கள். அதே கணக்கை மோதவரும் ஒற்றை ஐதரசன் அணுவுக்குச் செய்தால் சில இடங்களில் விடை பொருந்தும், சில இடங்களில் பிழைக்கும். பிழைக்கிற இடத்தைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

முதலில் வேகமான ஐதரசன் அணு வேண்டும். ஐதரசன் அயடைட்டு வாயுவுக்குள் 248 நனோமீற்றர் அலைநீளமுள்ள கழியூதா லேசர் ஒளியை விடுவார்கள். அதன் ஒவ்வொரு போட்டனிலும், அதாவது ஒளித்துணிக்கையிலும், 5 இலத்திரன்வோல்ட்டு (அணு அளவில் சக்தியை அளக்கும் அலகு) சக்தி இருக்கிறது. பிணைப்பை உடைக்க 3க்குச் சற்று மேல் போதும். மிச்சம் ஏறத்தாழ 2. அயடீன் அணு ஐதரசனைவிட 127 மடங்கு பாரம். ஆகவே மிச்ச சக்தியில் 128இல் 127 பங்கை ஐதரசனே எடுத்துக்கொண்டு ஓடும், செக்கனுக்கு ஏறத்தாழ 19 கிலோமீற்றர் வேகத்தில். யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு செக்கன் என்று வையுங்கள். (சில உடைவுகளில் அயடீன் அருட்டப்பட்ட நிலையில் பிறந்து கொஞ்சச் சக்தியைத் தானே வைத்துக்கொள்ளும். அப்போது வேகம் 14 கிலோமீற்றர் அளவுக்கு இறங்கிவிடும்.)

இந்த அணு ஒரு காபனோரொட்சைட்டு மூலக்கூறில் மோதுகிறது. திணிவு 1க்கு 28. மூலக்கூறைக் கெட்டியான உருண்டை என்று எடுத்தால், இரு திணிவுகளின் பெருக்கத்தை நான்கால் பெருக்கி, கூட்டுத்தொகையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். நேருக்கு நேர் மோதினாலும் ஐதரசன் கொடுக்கக்கூடியது தன் சக்தியில் 13 சதவீதந்தான். அம்மிக்குழவியில் போளையை எறிந்த மாதிரி, வந்த வேகத்தோடே திரும்பிவிடும்.

சரி, மூலக்கூறுக்கு உள்ளசைவு உண்டே? காபனும் ஒட்சிசனும் விலகி நெருங்கி அதிரும், சேர்ந்து சுழலும். அந்த உள்ளசைவுக்குள் எவ்வளவு சக்தி போகலாம் என்று பார்த்தால், காப்பு விதிகள் 29இல் 28 பங்குவரை, அதாவது 97 சதவீதம்வரை, இடம் கொடுக்கின்றன. 13 எங்கே, 97 எங்கே! உண்மையில் எவ்வளவு போகிறது என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

1983இல் அமெரிக்காவின் கொலராடோவில் சாள்ஸ் வைட், ஸ்டீபன் லியோன் இருவரும் அளந்தார்கள். அதிரும் மூலக்கூறு செந்நிறக்கீழ் ஒளியை உமிழும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் எத்தனை மூலக்கூறுகள் எந்த அதிர்வுப் படியில் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். காபனோரொட்சைட்டையும் நைத்திரிக் ஒட்சைட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். திணிவு 28, 30, பெரிய வித்தியாசமில்லை. ஆனால் காபனோரொட்சைட்டு பெரும்பாலும் கீழ்ப்படிகளோடு நின்றுவிட்டது. நைத்திரிக் ஒட்சைட்டு மேற்படிகளுக்கும் தாராளமாக ஏறியிருந்தது.

ஏன்? நைத்திரிக் ஒட்சைட்டில் சோடி சேராத ஓர் இலத்திரன் இருக்கிறது. ஐதரசன் கிட்ட வந்ததும் பிணைப்பு உருவாகத் தொடங்குகிறது. முழுதாக உருவானால் அதன் பலம் ஏறத்தாழ 2 இலத்திரன்வோல்ட்டு. ஐதரசன் இன்னும் வேகமாக உள்ளே இழுபடுகிறது. நைதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையிலான பிணைப்பு அந்தக் கணத்தில் நீளத் தொடங்குகிறது. ஆனால் வந்த சக்தியைக் கொட்ட வேறு இடமில்லாததால் ஐதரசன் தங்க முடியாமல் வெளியேறிவிடுகிறது. நீண்ட பிணைப்பு அதிர்ந்துகொண்டே நிற்கிறது. காபனோரொட்சைட்டோடு ஐதரசன் சேரும் பிணைப்போ மிகவும் பலவீனமானது.

இந்த இடத்தை நாங்கள் படிப்பிக்கும்போது தவறவிடுகிறோம் என்பது எனக்கு உள்ளபடியே கவலை. தாக்கம் நடந்தது அல்லது நடக்கவில்லை என்று இரண்டாகப் பிரித்துவிட்டு, நடக்காததைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிடுகிறோம். நடக்காமல் போன தாக்கம் இவ்வளவு சக்தியை விட்டுச் செல்கிறது என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்வதில்லை.

அப்புறம் இன்னொன்று. 2015இல் ஜேர்மனியின் கோட்டிங்கனில் வேகமான ஐதரசன் அணுக்களைத் தங்கத்தின்மேலும், உறைந்த செனன் வாயுவின் படலத்தின்மேலும் எறிந்து பார்த்தார்கள். செனனில் இழப்பு சொற்பம், திணிவுக் கணக்கு எதிர்பார்ப்பது போலவே. தங்கத்திலோ இழப்பு பல மடங்கு அதிகம். உலோகத்தின் கட்டற்ற இலத்திரன்களை அருட்டுவதில் அந்தச் சக்தி போயிருந்தது. தங்கத்தின் திணிவு 197. மேலே சொன்ன கணக்கை வீட்டில் அதற்கும் செய்து பாருங்கள் பிள்ளைகளே, 2 சதவீதந்தான் வரும்.